நெருப்புப் பார்க்காத எண்ணெய்

காற்றுக்குப் பசியெடுக்கும், மரத்துக்குக் கோபம் வரும், ஆடு கேள்வி கேட்டால் மனிதன் பதில் சொல்லியாக வேண்டும் என்று இருந்த அந்தக் காலத்தில், மேற்கே வெகுதூரத்தில், சுற்றிலும் நிலம் சூழ்ந்த ஒரு கடலின் நடுவே சின்னத் தீவு ஒன்று இருந்தது. அங்கே மண்ணைத் தேடித் தோண்டினால் கல் கிடைக்கும். கல்லைத் தேடித் தோண்டினாலும் கல்தான். அந்தக் கல்லுக்கு நடுவே அந்த ஊர்க்காரர்கள் கொண்டைக்கடலையும் வாற்கோதுமையும் பூண்டும் விளைவித்தார்கள். பாறை இடுக்கில் கீரை தானாக முளைத்தது. கடல் கொடுத்தால் மீன், கொடுக்காவிட்டால் அதுவும் கிடையாது.

ஊரின் மேட்டில் ஒலிவ மரம் ஒன்று நின்றது. இன்றைக்கு ஆலிவ் என்று பெயர் போட்டுக் கடையில் குப்பி குப்பியாக எண்ணெய் விற்கிறார்களே, அதே மரம்தான். ஆனால் இப்போது இருக்கிற மாதிரி அன்று அவள் இல்லை. பாக்கு மரம் போல நெட்டுக்குத்தாக நின்றாள். இலையில் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. பழமோ அப்படித் தித்திக்கும். அந்தத் தித்திப்பைப் பற்றி யாராவது பேசினால் கேட்டுக்கொண்டே இருப்பாள், யாரும் பேசாவிட்டால் அவளே பேச ஆரம்பித்துவிடுவாள். ஆடுகள் பின்னங்காலில் நின்று எட்டிய வரைக்கும் தின்றன. எட்டாததைக் குருவிகள் தின்றன. மனிதர் வாய்க்கு ஒரு பழம் வந்து சேர்ந்ததில்லை.

அந்த மரத்துக்குக் கீழ்ச் சரிவில் மிர்த்தோ என்பவளின் வீடு இருந்தது. மிர்த்தோவுக்குத் தன் சமையலைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, கை நன்றாக இருப்பவர்களுக்கு இருக்க வேண்டியதுதான். கொண்டைக்கடலையை ஊறவைத்து, மண்பானையில் போட்டு, நாலு பல் பூண்டும் பிரிஞ்சி இலையும் சேர்த்து, அடங்கின தணலில் பானையை மறந்துவிட்டு வேறு வேலை பார்ப்பாள். மூடியைத் திறக்கும்போது ஒரு கடலையின் தோல்கூடக் கிழிந்திருக்காது, வாயில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். அவள் புருஷன் தாமோன் பேச்சுக் குறைந்த ஆள். சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தை ரொட்டியால் துடைத்து வைப்பான். அதைவிடப் பெரிய பாராட்டு அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நெருப்புப் பார்க்காத எதையும் விருந்தாளி முன்னால் வைக்கக் கூடாது. அத்திப்பழமானாலும் ஒரு தடவை தணலில் காட்டித்தான் கொடுப்பார்கள். பாலாடைக்கட்டியைச் சுட்டுத்தான் வைப்பார்கள். குடிக்கிற தண்ணீரையே கொதிக்கவைத்து ஆற்றித்தான் தருவார்கள். வீட்டுக்காரர்கள் பச்சைப் பூண்டைக் கடித்துக்கொள்ளலாம், அது அவர்கள் பாடு. விருந்தாளி வாய்க்குப் பச்சையாக ஏதாவது போனால் வீட்டுக்கே தலைகுனிவு. மிர்த்தோவும் இதில் ரொம்பக் கறாராக இருப்பாள்.

விருந்தாளிகளிலேயே பெரிய விருந்தாளி வாடைக்காற்று. வாடையார் என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள், சொல்லாமல் முடியுமா. குளிர்காலத்தின் நடுவில் அவர் வடக்கேயிருந்து இறங்கி வந்து ஏதாவது ஒரு வீட்டு வாசலில் உட்காருவார். சாப்பாடு பிடித்தால் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவார். கடல் தட்டுப் போலக் கிடக்கும், படகுகள் போய் வரும். பிடிக்காவிட்டால் இன்னொரு வீட்டுக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் பிடிக்காவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு எந்த வாசலிலும் உட்காரமாட்டார். வீசிக்கொண்டே இருப்பார்.

அந்த வருஷம் ஊரின் ஆண்கள் எதிரே இருந்த பொட்டல் தீவுக்கு உப்பு அள்ளப் படகில் போயிருந்தார்கள். தாமோனும் போயிருந்தான். அவர்கள் அங்கே இறங்கின கையோடு வாடையார் முன்கூட்டியே வந்துவிட்டார். திரும்பி வர வழியில்லை. அந்தத் தீவில் உப்பைத் தவிர எதுவும் கிடையாது. மிர்த்தோ தினமும் மேட்டில் ஏறி நின்று பார்ப்பாள். அலைகளுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மூட்டின தீயின் புகை தெரியும். நாளாக ஆகப் புகை மெலிந்துகொண்டே வந்தது.

வாடையார் முதலில் உட்கார்ந்தது பெலாகியாவின் வாசலில். பெலாகியா தாமோனின் அக்கா. துறைமுகத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள், கொஞ்சம் வசதியானவள். கிழக்கேயிருந்து கப்பலில் வந்த மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் அவள் வீட்டில் இருக்கும். நம் பக்கத்துக் கரையில் ஏற்றின மிளகாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது. ஆட்டுக்கறியைக் கொழுப்பில் வறுத்து, அத்தனையையும் இடித்துப் போட்டு, ஊரே மணக்கச் சமைத்து வைத்தாள். வாடையார் குனிந்து மோந்தார். அவர் மூச்சுப் பட்டதுதான் தாமதம், கொழுப்பு மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது.

"இது எந்த ஊர்ச் சாப்பாடு?" என்று கேட்டார் வாடையார்.

"கிழக்குச் சீமை மசாலாங்க. இதோட விலை தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பெலாகியா.

"விலை தெரியாது. ஆனா அந்தக் கப்பலைத் தள்ளிக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். நான் சுமந்ததையே எனக்குப் போடறியா? உன் ஊரு எங்கேம்மா இந்தத் தட்டுல?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலமே ரெண்டு வீட்டுக் கூரை பறந்தது. அடுத்த விருந்து மிர்த்தோவின் வீட்டில் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலையில் பெலாகியா முக்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, காற்றில் தள்ளாடித் தள்ளாடி மிர்த்தோவின் வீட்டுக்கு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மிளகு மிச்சம் இருக்கு, தர்றேன். ஆட்டுக்கால் ஒண்ணும் தர்றேன். வெறும் கடலையை வேகவெச்சு அவர் முன்னாடி நீட்டிடாதே மிர்த்தோ."

"அதைத்தான் நீட்டப் போறேன் மதினி. உன் ஊரு எங்கேன்னு உங்ககிட்ட கேட்டாரில்ல. இந்தக் கடலைதான் நம்ம ஊரு."

"உன் கர்வத்துக்கு என் தம்பி உசிரா கிடைச்சுது?"

பெலாகியா போன பிறகு மிர்த்தோ வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதினி கேட்டது சுருக்கென்று தைத்திருந்தது. ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. கடலையை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஜன்னலில் காற்றுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆறிச் சுருங்கிப்போயிற்று. எடுத்து வாயில் போட்டால் தொண்டையில் மண்ணாக அடைத்தது. இன்னொரு கிண்ணத்தில் ஆட்டுக்கொழுப்பு ஊற்றி வைத்தாள், அது பெலாகியாவின் தட்டைப் போலவே உறைந்தது. வாடையார் முன்னால் சூடு நிற்காது. சூடில்லாமலும் நன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழுவழுப்பு வேண்டும், அந்த வழுவழுப்பு உறையவும் கூடாது. அப்படி ஒன்று அவளுக்குத் தெரிந்து உலகத்தில் இல்லை.

விறகு பொறுக்க மேட்டுக்குப் போனாள். எதிர்த்தீவில் புகை ஒரு நூலளவுதான் தெரிந்தது. தலையைக் குனிந்தவள் காலடியில் ஒன்றைப் பார்த்தாள். பாறைக் குழிகளில் தேங்கிய மழைத்தண்ணீர் எல்லாம் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. ஒலிவ மரத்தடியில் இருந்த ஒரு குழியில் மட்டும், ஆடு மிதித்து நசுக்கிய பழத்துக்குப் பக்கத்தில், பனிக்கட்டிக்கு மேலே, பச்சையும் மஞ்சளுமாக ஒரு சொட்டு நகர்ந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புல் வாசனை அடித்தது. பிறகு மெல்லத் தொண்டையில் ஒரு காரம் ஏறியது. மிர்த்தோ அண்ணாந்து பார்த்தாள்.

"இது உன்னோடதா?"

"என்னோடதுதான். ஆனா அதை யாரு கேக்கறாங்க. எல்லாருக்கும் என் தித்திப்புதான் வேணும்" என்றாள் ஒலிவமரத்தாள்.

"எனக்கு இதுதான் வேணும். ஒரு ஜாடி வேணும்."

"ஒரு ஜாடிக்கு எங்கே போவேன்? என் பலமெல்லாம் இனிப்புக்கே போயிடுது. பழத்துக்கு ஒரு சொட்டு மிஞ்சினா உண்டு. அந்தப் பழத்தையும் ஆடும் குருவியும் விட்டுவெக்கறதில்ல. உச்சியில கொஞ்சம் காய் இருக்கு, அவ்வளவுதான்."

"இனிப்பை விட்டுடேன்."

காற்று மரத்தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைக்கழித்தது.

"சுலபமா சொல்லிட்ட. இனிப்பும் போயிட்டா என்னை யாரு திரும்பிப் பாப்பா? உன் பானைக்குள்ள ஊத்திக் கலக்கிடுவ. சாப்பிடறவன் கடலை நல்லா இருக்குன்னு உன்னைச் சொல்லிட்டுப் போயிடுவான்."

இந்தக் கவலை மிர்த்தோவுக்கு நன்றாகப் புரிந்தது. அவளும் அதே ஜாதிதான், பாராட்டைக் கேட்டு வாங்காவிட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவள்.

"பானைக்குள்ள ஊத்தமாட்டேன். எல்லாம் பரிமாறின அப்புறம், கடைசியா, சாப்பிடறவங்க கண்ணு முன்னாடி, உன் பேரைச் சொல்லி மேல ஊத்தறேன். உனக்கு மேல வேற எதுவும் வராது. போதுமா?"

"இன்னும் ஒண்ணு இருக்கு. என்னை நெருப்புல காட்டக் கூடாது. என் சாதி சனமெல்லாம் விறகாப் போனவங்க. பொசுங்கற நாத்தம் எனக்கு ஆகாது."

மிர்த்தோ திடுக்கிட்டாள். விருந்தாளிக்கு நெருப்புப் பார்க்காததை வைப்பதா? அதுவும் வாடையாருக்கா? ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் நூலளவு புகை அசைந்துகொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

அப்போது அந்த மரத்தாள் செய்ததை மிர்த்தோ சாகிறவரை மறக்கவில்லை. வேரைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி, தன்னைத்தானே முறுக்கினாள். நெட்டுக்குத்தான அந்த உடம்பு வளைந்து, புடைத்து, முடிச்சு முடிச்சாகத் திருகிக்கொண்டது. தித்திப்பெல்லாம் வேர்வழியே இறங்கிக் கல்லுக்குள் போயிற்று. பட்ட பாட்டில் இலைகளின் அடிப்பக்கம் நரைத்து வெள்ளியாகிவிட்டது. உச்சியில் இருந்த காய்கள் கறுத்துத் தளதளவென்று திரண்டன. வழக்கம்போல ஓடிவந்த ஆடு ஒன்று, அந்த முறுக்கில் கீழே தாழ்ந்துவிட்ட உச்சிக் கிளையில் ஒரு பழத்தைக் கடித்தது. கடித்த வேகத்தில் துப்பியது.

"தூ, இது என்ன கசப்பு" என்று கத்திக்கொண்டே சரிவில் இறங்கி ஓடியது. அன்றைக்கு அது ஊரெல்லாம் போய்ச் சொன்னதில், குருவிகளும் முன்னைப் போல வருவதை நிறுத்திக்கொண்டன.

மிர்த்தோ பழங்களைப் பறித்து, கல்லில் அரைத்து, கோணியில் கட்டிப் பாறாங்கல்லை மேலே ஏற்றினாள். கசிந்ததைத் தேங்கவிட்டு, மேலே மிதந்ததை மட்டும் வழித்து எடுத்தாள். ஒரு ஜாடி முழுசாக வரவில்லை, முக்கால் ஜாடி வந்தது.

விருந்து நாள் முற்பகலில் பெலாகியா மறுபடியும் வந்தாள். உதவிக்குத்தான் வந்தாள், கோபமெல்லாம் அடுப்படி வாசலோடு சரி. கீரையை ஆய்ந்து கொடுத்தாள், ரொட்டியைச் சுட்டுக் கொடுத்தாள். ஜாடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இதைக் காய்ச்சிட்டியா?"

"இல்ல மதினி."

"பச்சையாவா ஊத்தப் போற? இவளே, அவர் கேட்டா என்ன சொல்லுவ? ஒரு கொதி காட்டு. ஒண்ணும் குறைஞ்சிடாது."

பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா. மிர்த்தோவின் கை தானாகக் கரண்டியை எடுத்தது. ஒரு கரண்டி எண்ணெயைத் தணலின் மேல் பிடித்தாள். முதலில் புல் வாசனை போயிற்று. பிறகு அந்தக் காரம் போயிற்று. பிறகு கரண்டியிலிருந்து புகை கிளம்பி இருவரையும் இருமவைத்தது. ஆற்றி வாயில் வைத்துப் பார்த்தாள். பெயர் இல்லாத ஏதோ ஒரு கொழுப்பு, யார் வீட்டு அடுப்பிலும் இருக்கக்கூடியது. மேட்டிலிருந்து இலைகள் சலசலத்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது. மிர்த்தோவுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினோமே என்ற நினைப்பு அவளை அப்படியே உட்காரவைத்துவிட்டது.

பின்வாசல் வழியாக வெளியே வந்து மேட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு கரண்டி பாழாப் போச்சு. தப்பு என்னோடது. மிச்சம் அப்படியே இருக்கு, இனிமே காட்டமாட்டேன்."

"விருந்தாளிக்கும்?"

"விருந்தாளிக்கும்."

உச்சிவேளையில் வாடையார் வந்து வாசலில் உட்கார்ந்தார். ஊர் முழுக்க எதிர்ச்சுவரோரமாக ஒண்டி நின்றது. மிர்த்தோ கழுவிய கிண்ணத்தில் கடலையைப் பரிமாறினாள். பக்கத்தில் வதக்கிய கீரை, சுட்ட வாற்கோதுமை ரொட்டி, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் விருந்து. ஆவி பறந்தது, வாடையார் மூச்சு விட்டதும் அடங்கியது. கடலை பளபளப்பு இழந்து சுருங்கத் தொடங்கியது.

"இதுவும் காய்ஞ்சு போச்சே" என்றார் வாடையார், எழுந்திருக்கிற மாதிரி முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு.

"இன்னும் பரிமாறி முடிக்கலைங்க, உக்காருங்க" என்றாள் மிர்த்தோ.

ஜாடியை எடுத்தாள். "இது மேட்டுல நிக்கற ஒலிவமரத்தாளோட எண்ணெய்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, கடலை மேலும் கீரை மேலும் ரொட்டி மேலும் தாராளமாக ஊற்றினாள். பச்சைத் தங்கமாக அது கிண்ணத்தில் இறங்கியது. வாடையார் குனிந்து, வேண்டுமென்றே ஊதிப் பார்த்தார். எண்ணெய் கொஞ்சம் மங்கியதே தவிர உறையவில்லை. கடலைகள் மறுபடி மினுங்கின.

வாடையாரின் மூக்கு விடைத்தது. "இது நெருப்புப் பார்த்த எண்ணெய் மாதிரி தெரியலையே."

சுவரோரம் நின்றவர்களில் விவரம் தெரிந்தவர்கள் தங்கள் கூரையைப் பிடித்துக்கொள்ள ஓடினார்கள். பெலாகியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பொய் சொன்னால் போதும், வாடையார் மேட்டுக்குப் போயா விசாரிக்கப் போகிறார். மிர்த்தோவுக்குத் தாமோனின் முகம் நினைவுக்கு வந்தது. துடைத்து வைத்த கிண்ணமும் நினைவுக்கு வந்தது.

"பாக்கலைங்க" என்றாள். "வெயிலைப் பார்த்திருக்கு. கல்லைப் பார்த்திருக்கு. வருஷா வருஷம் உங்களைப் பார்த்திருக்கு. நீங்க அடிச்ச அடிக்கெல்லாம் சாயாம நின்ன மரத்தோட எண்ணெய் இது. இன்னும் எந்த நெருப்புல போட்டு இதைப் பக்குவம் பண்ணச் சொல்றீங்க? எங்க ஊரு எங்கேன்னு கேட்டீங்களே, இதோ இருக்கு. இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. இதுக்கு மேல ஒண்ணு வேணும்னும் எனக்குத் தோணலை."

வாடையார் அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மேட்டில் முறுக்கிக்கொண்டு நின்ற மரத்தைப் பார்த்தார்.

"அவளைச் சாய்க்கணும்னு நான் எத்தனை தடவை முட்டிப் பார்த்திருக்கேன் தெரியுமா?"

"தெரியும். ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"சரி, என்னால சாய்க்க முடியாததோட ருசி எப்படி இருக்குன்னு பார்ப்போம்."

ஒரு வாய் எடுத்து வைத்தார். தொண்டையில் அந்தக் காரம் ஏறினபோது அவர் ஒரு இருமல் இருமினார், அதில் ஒரு படலைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கடலை தீர்ந்தது, கீரை தீர்ந்தது. கடைசியில், ஊர் பார்த்துக்கொண்டிருக்க, வாடையார் ரொட்டியைப் பிட்டுக் கிண்ணத்தின் ஓரமெல்லாம் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார். மிர்த்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான்.

"இன்னும் இருக்கா?"

"கடலை இருக்கு. மிச்ச எண்ணெய் என் வீட்டுக்காரருக்கு. உங்களுக்கு அடுத்த வருஷம்தான்."

"அப்ப அடுத்த வருஷம் வர்றேன்" என்று சொல்லி, அந்த வாசலிலேயே காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனார்.

கடல் அடங்கியது. மறுநாள் காலையில் உப்பு மூட்டைகளோடு படகுகள் கரை தொட்டன. தாமோன் பாதியாக இளைத்திருந்தான், ஆனால் தன் காலில் நடந்து வந்தான். பெலாகியா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுது முடித்துவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தன் கையாலேயே ஜாடியை எடுத்துவந்து மிர்த்தோவிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்து. அதுக்கு அப்புறம்தான் அவன் சாப்பிடணும்" என்றாள்.

ஜாடியின் அடியில் இருந்த கடைசிச் சொட்டுவரை மிர்த்தோ அவன் கிண்ணத்தில் கவிழ்த்தாள், மரத்தின் பெயரைச் சொல்லி. தாமோன் சாப்பிட்டான். கிண்ணத்தைத் துடைத்தான். பிறகு அவன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாய் திறந்து, "நல்லா இருக்கு" என்றான். மிர்த்தோ மேட்டைக் கைகாட்டி, "அவகிட்ட போய்ச் சொல்லு" என்றாள். அவனும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

ஒலிவ மரம் முறுக்கிப் பிழிந்த உடம்போடு நிற்பதும், அதன் பழத்தை மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்தால் வாயெல்லாம் கசப்பதும் அதனால்தான். புது எண்ணெய் இறங்குகிற நடுக்குளிரில் வாடை சில நாள் ஓய்ந்து கிடப்பதும், மற்ற நாளில் அது வீசும்போது இலைகளைத் திருப்பித் திருப்பி அந்த வெள்ளி நரையைப் பார்த்துவிட்டுப் போவதும் அதனால்தான். மிர்த்தோ ஜாடியைச் சாய்த்த அந்த மதியத்திலிருந்துதான், அந்தக் கடற்கரை வீடுகளில் எல்லாம் பரிமாறி ஆன பிறகு, சமைத்தவள் நெருப்புப் பார்க்காத நல்ல எண்ணெயை உண்பவர் கண்ணெதிரே கடைசியாக மேலே ஊற்றுகிறாள். அவள் ஊற்றி முடிக்கும்வரை, வந்திருப்பது எவ்வளவு பெரிய விருந்தாளியாக இருந்தாலும், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.